அங்கவடித் தசை

மங்கையர்க்கரசி அன்று காலை பத்தே முக்காலுக்குள் பதினேழு முறை வாயை மூடிக்கொண்டாள் என்று இயந்திரம் சொன்னது.

பிரதீப் அதை அச்சடித்து மேசைமேல் வைத்திருந்தான். நகரத்துக்குக் குடிநீர் விடும் ஒப்பந்தத்தை எடுத்திருந்த 'நீரோட்டம்' கம்பெனியின் புகார் மையத்துக்கு அவன்தான் மேலாளர். மங்கையைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். யாரையாவது கண்டிக்க வேண்டியிருந்தால் முதலில் உட்காரச் சொல்வான்.

"உட்காருங்க மேடம்."

"நின்னுக்கறேன் சார். லைன்ல ஆளுங்க காத்துட்டிருக்காங்க."

"பதினேழு மேடம். ரெண்டே மணி நேரத்துல. போன வாரம் பூரா சேர்த்தா முந்நூறைத் தாண்டுது."

"நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லலையே. பதிவைப் போட்டுக் கேளுங்க."

"சொல்லலைதான். அதுதான் பிரச்சனை. சொல்ல வந்திருக்கீங்க, சொல்லாம விட்டிருக்கீங்க."

மங்கை அவனையே பார்த்தாள். பதினாலு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் வசவு வாங்கி, ஒருவரையும் திருப்பிக் கேட்காமல் இருந்தவள் அவள். கல்யாணத்துக்கு முன்னால் வாய்த்துடுக்குக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்த வாயைக் கட்டிப்போட அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. கட்டிப்போட்ட பிறகு, கட்டிப்போட்டதற்காகவே குற்றம் சொல்கிறார்கள்.

"நான் விழுங்கினது என் வயித்துக்குள்ளதானே சார் போச்சு? அதுல உங்களுக்கு என்ன?"

பிரதீப் அவளுடைய இடது காதைக் கண்ணால் காட்டினான். காதுக்குள் அந்தக் குமிழ் இருந்தது.

குமிழுக்குக் கம்பெனி வைத்த பெயர் செவ்வி. ஊழியர்கள் வைத்த பெயர் ஒட்டுக்கேட்டான். ஏழு மாதத்துக்கு முன்னால் அது வந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பழைய ஹெட்போனில் நாள் பூராவும் கத்தல் கேட்டுக் கேட்டு இரண்டு பேருக்குக் காது மந்தமாகியிருந்தது. இது காதைக் காக்கும், கத்தலைத் தணித்து அனுப்பும் என்றார்கள். விளக்கிச் சொல்ல டாக்டர் ஹேமலதா வந்தார். கம்பெனி சார்பில் வரும் காது மருத்துவர். பூசணிக்காய் அளவில் ஒரு பிளாஸ்டிக் காதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் துண்டு துண்டாகக் கழற்றிக் காட்டினார்.

"வெளியில தெரியற இந்த மடல், சத்தத்தைச் சேர்த்து உள்ள தள்ளுது. இந்தக் குழாய் முடியற இடத்துல செவிப்பறை. மெல்லிசான தோல். அது அதிர்ந்தா பின்னாடி இருக்கற மூணு எலும்பும் ஆடும். சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடின்னா குதிரையில ஏறும்போது கால் வைக்கிற வளையம். அதே உருவம். உங்க உடம்புலயே சின்ன எலும்பு அதுதான், அரை அரிசி அளவு."

அந்தத் துண்டை எல்லாரிடமும் கொடுத்து அனுப்பினார். ஷாமிலா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். மங்கைக்கு அடுத்த இருக்கைக்காரி. இருபத்தொன்பது வயது. வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. புகார் சொல்ல அழைப்பவர்கள் அவள் குரலைக் கேட்டதும் பாதிக் கோபத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல் அவளுக்கு.

டாக்டர் தொடர்ந்தார். "அங்கவடி போய்த் தட்டற கதவுக்கு அந்தப் பக்கம், நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. உள்ள பூரா தண்ணி. தண்ணி அசைஞ்சா அதுக்குள்ள முளைச்சிருக்கற மயிரிழைங்க அசையும். அதைத்தான் மூளை சத்தம்னு எடுத்துக்குது. அந்த இழைங்க செத்துப்போனா திரும்ப முளைக்காது. அதனால அதுக்குக் காவலா ஒரு தசை. அங்கவடியிலயே ஒட்டியிருக்கும். பெரிய சத்தம் வந்தா சுருங்கி, எலும்பை ஆட விடாம இழுத்துப் பிடிச்சுக்கும். சத்தம் குறைஞ்சு உள்ள போகும்."

"நாம கத்தும்போது டாக்டர்?" என்று கேட்டாள் ஷாமிலா. "நம்ம சத்தம் நம்ம காதுக்குப் பக்கத்துலயே இருக்கே?"

"நல்ல கேள்வி. நீங்க வாயைத் திறக்கறதுக்குக் கண்ணிமைக்கற நேரம் முன்னாடியே அந்தத் தசை சுருங்கிடும். நீங்க பேசப்போறீங்கன்னு உங்க காதுக்கு முன்கூட்டியே தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள்.

மூன்றாவது மாதம் சுற்றறிக்கை வந்தது. குமிழால் அந்தத் தசையின் துடிப்பைப் படிக்க முடியும் என்பதை அதுவரை யாரும் சொல்லவில்லை. துடிப்பு வந்து குரலும் வந்தால் அது பேச்சு. துடிப்பு வந்து குரல் வராவிட்டால் அது 'வெற்றுத் துடிப்பு'. ஊழியர் ஏதோ சொல்ல நினைத்து மறைத்திருக்கிறார் என்று பொருள். வாடிக்கையாளரிடம் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவதை நிறுவனம் ஏற்காது. மனத்தில் கனிவிருந்தால் விழுங்குவதற்கு எதுவும் இருக்காது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிறு விளக்கு வைத்தார்கள். வெற்றுத் துடிப்பு குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. தொடர்ந்து சிவப்பு எரிந்தவர்களில் பதினோரு பேர் அந்தக் காலாண்டிலேயே வேலையை இழந்தார்கள். பச்சை எரிபவர்கள் பேசுவதைக் கேட்டுச் சரிபார்க்க ஆள் தேவையில்லை என்று, அதுவரை அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த நான்கு பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

மங்கை விழுங்கியதெல்லாம் வசவு என்றுதான் பிரதீப் நினைத்தான். வசவும் இருந்தது, இல்லையென்று அவள் சொல்லமாட்டாள். ஆனால் அந்தப் பதினேழில் ஒன்பது வேறு வகை, அழைத்தவர்களிடம் சொல்லாமல் விட்ட உண்மை.

சுண்ணாம்புக்காரத் தெருவிலிருந்து ஒரு பெண் ஆறு நாளாகத் தினமும் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எப்பம்மா வரும்? வீட்டுல பச்ச உடம்புக்காரி கெடக்கா. பொறந்து ஒம்பது நாள் ஆன புள்ளைக்குத் துணி அலசக்கூடத் தண்ணி இல்ல."

"உங்கள் சிரமத்தை உணர்கிறோம். புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்."

"நேத்தும் இதத்தானே சொன்ன."

இந்த இடத்தில் மங்கையின் காதுக்குள் அரை அரிசி அளவு எலும்பை ஒரு நூல் தசை இழுத்தது. சொல்ல வந்தது இதுதான்: தண்ணி வராதும்மா. உங்க தெரு வால்வை மூணு வாரத்துக்கு முன்னாடியே மூடிட்டாங்க. அந்தத் தண்ணி புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கற புது அடுக்குமாடிக்குப் போகுது. வால்வை மூடினவரே என்கிட்ட டீக்கடையில சொன்னாரு.

சொல்லவில்லை. விளக்கு சிவப்பானது.

பிரதீப் அன்று அவளை வரவழைத்தது கண்டிக்க மட்டுமல்ல. ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒரு சின்ன ஊசி மேடம். செவிப்பறை வழியாப் போடுவாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். அந்தத் தசை கொஞ்ச நாள் தூங்கும். துடிக்காது. விளக்கு எப்பவும் பச்சை. கட்டாயம் இல்ல, உங்க விருப்பம்."

"ஊசி போட்டா என் மனசு சுத்தமாயிடுமா?"

"மேடம், பச்சை வந்தாப் போதும். மேல இருக்கறவங்க அதைத்தான் பாக்கறாங்க."

"அப்ப நான் என்ன நெனைக்கிறேன்னு யாருக்கும் அக்கறை இல்ல. துடிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். மங்கை படிவத்தை நான்காக மடித்து அவன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். பதினாலு வருஷ அனுபவத்துக்காக எச்சரிக்கையோடு அவளை விட்டுவைத்தார்கள்.

ஷாமிலா கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு இரண்டு எச்சரிக்கை வந்திருந்தது. மூன்றாவது வந்தால் பகல் வேலையிலிருந்து மாலை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். பள்ளிவிட்டு வரும் மகள் நஸ்ரினைக் கூட்டிவர வேறு ஆள் இல்லை.

"மூணு மாசத்துல தானாச் சரியாயிடுமாம்க்கா" என்றாள்.

"உன் காதும்மா அது."

"தெரியும்க்கா. வேற வழி இருந்தாச் சொல்லுங்க."



ஊசி போட்ட மறுநாளிலிருந்து ஷாமிலாவின் விளக்கு பச்சையாக எரிந்தது. முதல் வாரம் சத்தமெல்லாம் கூர்மையாகக் கேட்கிறது என்றாள். இரண்டாவது வாரம் பேருந்து ஹாரன் அடித்ததும் நடைபாதையிலேயே குந்திவிட்டாள். பிறகு அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தில் அப்பளம் இல்லை, பொரியல் இல்லை. குழைந்த தயிர்சாதம் மட்டும். மெல்லும் சத்தம்கூடத் தாங்கவில்லை. ஆறாவது வாரம் முகாம் போட்டு, பட்டியலில் இருந்தவர்களுக்கு இரண்டாவது ஊசியும் போட்டார்கள். முதல் படிவத்திலேயே அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஷாமிலா கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

"என் குரலுதான்க்கா தாங்கல" என்று ஒருநாள் உணவு இடைவேளையில் மங்கையின் அருகில் வந்து சொன்னாள். உதடு அசைந்தது, காற்று வந்தது, அவ்வளவுதான். "மத்த சத்தம்னா விலகிப் போயிடலாம். இது உள்ளருந்து வருது. வாயத் தொறந்து ஒரு எழுத்துச் சொன்னாப் போதும், பின்மண்டையில கட்டையால அடிச்ச மாதிரி இருக்கு. நஸ்ரின் நேத்துக் கேக்குறா, அம்மா எங்கிட்ட ஏன் கோவமா இருக்கீங்கன்னு. பேசாம இருக்கேன்ல, கோவம்னு நெனச்சுட்டா."

அவளுடைய கிசுகிசுப்பு வாடிக்கையாளர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. 'தெளிவின்மை' என்று காரணம் எழுதி இரண்டு வாரத்தில் அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். கடைசி நாளும் அவள் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது.

மங்கை விடுப்பு எடுத்து அவளை டாக்டர் ஹேமலதாவிடம் அழைத்துப் போனாள். டாக்டர் கருவியைக் காதில் வைத்து வெகுநேரம் பார்த்தார். திரையில் ஒரு கோடு நேராக ஓடியது.

"ஊசி மருந்து மூணு மாசத்துல கரைஞ்சுடும்னு சொன்னீங்க" என்றாள் மங்கை. "முதல் ஊசி போட்டு அஞ்சு மாசமாச்சு."

"ரெண்டாவது ஊசி அவ்வளவு சீக்கிரம் போட்டிருக்கக் கூடாது. தசை ரொம்பச் சின்னது. வேலையில்லாமக் கெடந்தா மெலிஞ்சுடும். இவங்களுக்கு மெலிஞ்சுடுச்சு."

"திரும்ப வருமா?"

டாக்டர் கருவியைத் துடைத்து உறைக்குள் வைத்தார். "வரும்னு என்னால சொல்ல முடியாது."

ஷாமிலா இரண்டு கையாலும் காதைப் பொத்திக் காட்டி, இப்படி வைத்துக்கொண்டு பேசலாமா என்பதுபோலக் கேட்டாள்.

"வேணாம்மா. நம்ம குரல் காத்து வழியா மட்டும் காதுக்குப் போறதில்ல. மண்டையெலும்பு வழியாவும் உள்ள போகும். காதைப் பொத்தினா அந்தச் சத்தம் வெளிய போக வழியில்லாம இன்னும் அதிகமாத்தான் கேக்கும்."

"ரெண்டாவது ஊசியைப் போட்டது யாரு டாக்டர்?" என்று மங்கை கேட்டாள்.

"பட்டியல் கம்பெனி குடுத்தது."

"ஊசி யார் கையில இருந்துச்சு?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மங்கை அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அறையில் எதையாவது எடுத்து உடைத்திருப்பாள். ஷாமிலாவுக்காகக் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். இவ்வளவு கோபத்தில் ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டியிருந்ததை அவள் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குமிழைக் காதில் செருகிக்கொண்டாள். முதல் அழைப்பு செக்கடித் தெரு. நாலு நாளாகத் தண்ணீர் இல்லை என்றார் ஒரு பெரியவர். கம்பெனி எழுதிக்கொடுத்த பதில் தாளை மங்கை பார்க்கவில்லை; டீக்கடையில் கேட்டு எழுதிவைத்த வால்வு எண்கள் அவள் கையில் இருந்தன.

"வராதுங்க ஐயா. உங்க தெரு வால்வையும் மூடிட்டாங்க. தண்ணி எங்க போகுதுன்னு சொல்றேன், எழுதிக்கங்க."

"நெசமாவாம்மா சொல்றீங்க?"

"நெசமாத்தான். உங்க வீட்டுல மட்டும் கேட்டுட்டு இருக்காதீங்க. தெருவே சேர்ந்து நீரேற்று நிலையத்துக்குப் போங்க. வால்வு எண் தர்றேன்."

விளக்கு பச்சையாக எரிந்தது. துடிப்பு வந்தது, உடனே குரலும் வந்தது. இயந்திரத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவன் அவளைத் தாயைச் சொல்லித் திட்டினான். "இந்தப் பேச்சை உங்க கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய்ப் பேசுங்க, அங்க பலன் இருக்கும்" என்றாள். அதற்கும் பச்சை.

ஐந்து நாள் இப்படிப் போயிற்று. கூடத்தின் பெரிய திரையில் அவள் பெயர் முதலிடத்துக்கு வந்தது. வெற்றுத் துடிப்பு பூஜ்யம். பிரதீப் கைதட்டச் சொன்னான். எல்லாரும் தட்டினார்கள். ஊசியால் ஓய்ந்த காதுகளுக்கு அது வலிக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. முன்வரிசையில் மூன்று பேர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறாவது நாள் சுண்ணாம்புக்காரத் தெரு, செக்கடித் தெரு, வண்ணார் சந்து மூன்றும் குடத்தோடு கிளம்பிப் போய் நீரேற்று நிலையத்தில் உட்கார்ந்தன. கையில் வால்வு எண் இருந்தது. மதியத்துக்குள் வால்வு திறந்தது. எண் எப்படி வெளியே போயிற்று என்று கம்பெனி அதற்குப் பிறகுதான் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டது. மாலை நாலு மணிக்கு மங்கையின் காதிலிருந்து குமிழைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

விசாரணை மூன்று வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு, கம்பெனியின் கூட்ட அறையில் நடந்தது. விசாரித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கம்பெனி சார்பில் ராஜமாணிக்கம் என்ற வக்கீல் வந்திருந்தார். மங்கைக்கு வக்கீல் இல்லை. அவள் தனக்காகத் தானே பேசினாள். ஷாமிலாவின் காது பற்றிய மனுவையும் அதே நாளில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஷாமிலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

மங்கை பிரதீப்பிடம் கேட்டாள்.

"பச்சை விளக்கு எரிஞ்சா என்ன சார் அர்த்தம்?"

"ஊழியர் மனசுல பட்டதை மறைக்காமப் பேசுறார்னு அர்த்தம்."

"அந்த அஞ்சு நாள் எனக்கு என்ன எரிஞ்சுது?"

"பச்சை."

"அப்ப நான் பொய் சொல்லல. வால்வை மூடினதும் உண்மை. உங்க சுற்றறிக்கை கேட்டபடிதானே நடந்தேன்?"

"கம்பெனி ரகசியத்தைச் சொன்னீங்க மேடம்."

"சொன்னா ரகசியத்தைச் சொன்ன குத்தம். சொல்லாம விட்டா முழுங்கின குத்தம். நான் எதைத்தான் செய்யணும்? இல்ல, அந்த மிஷின் சொல்றதே தப்புன்னு வச்சுக்குவோம். அப்ப சிவப்பு எரிஞ்சதுன்னு நீங்க வீட்டுக்கு அனுப்பின பதினோரு பேருக்கு என்ன பதில் தம்பி?"

அவள் அவனைத் தம்பி என்று அழைத்தது அதுதான் முதல் முறை. பிரதீப் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தாளைப் புரட்டினார். நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு ஷாமிலாவை அழைத்தார்கள். அவள் ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதை நீட்டினாள்.

ராஜமாணிக்கம் எழுந்தார். "ஐயா, எழுதினதை ஏத்துக்கக் கூடாது. வேற யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம். வாய்மொழியா சாட்சி சொல்லட்டும்."

"அவளுக்குப் பேசினா வலிக்கும்னுதானே மனுவே" என்றாள் மங்கை.

"அதைத்தான் அவங்க நிரூபிக்கணும். பேசாம எப்படி நிரூபிப்பாங்க? பேசலைன்னா சாட்சியம் இல்லைன்னு பதிவு பண்ணிடலாம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அம்மா, விதி அப்படித்தான் இருக்கு. உங்களால முடியும்னா பேசுங்க. இல்லைன்னா விட்டுடலாம்."

ஷாமிலா மங்கையைப் பார்த்தாள். மங்கை வேண்டாம் என்று தலையசைத்தாள். ஷாமிலா தாள்களைக் கீழே வைத்தாள். நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கிசுகிசுக்கவில்லை. அவளுடைய பழைய குரல் வந்தது, கோபக்காரர்களை ஆற்றிய அதே குரல்.

"என் பேரு ஷாமிலா பேகம். நீரோட்டம் கம்பெனியில மூணு வருஷம் வேலை பார்த்தேன். என் காதுல ரெண்டு ஊசி போட்டாங்க."

முதல் வாக்கியத்திலேயே அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கத் தொடங்கியது. குரல் நடுங்கவில்லை. எந்தத் தேதியில் எந்த அறையில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னாள். படிவத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை மனப்பாடமாகச் சொன்னாள். முகாமில் வரிசையில் நின்ற பதினான்கு பேரின் பெயரையும் சொன்னாள். மகளோடு பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று சொன்னாள். நாற்காலியைப் பிடித்திருந்த விரல்களில் ரத்தம் வற்றி வெளுத்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

மங்கை தன்னையறியாமல் எழுந்து அவள் பின்னால் போய் நின்று, அவள் காதுகளைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள். பொத்தினால் இன்னும் அதிகமாகக் கேட்கும் என்பது பாதியில் நினைவு வந்தது. கை அந்தரத்தில் நின்றது. செய்வதற்கு எதுவுமே இல்லை. அவள் தன் இரண்டு கையையும் முறுக்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். பிரதீப் தரையைப் பார்த்தான். ராஜமாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாமிலா சொல்லி முடித்ததும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அரைமணி நேரம் எழவில்லை.

தீர்ப்பு பதினோராம் நாள் தபாலில் வந்தது. மங்கை அதைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்தாள். அவளை நீக்கியது செல்லாது. தன் கருவி கொடுத்த சான்றை நிறுவனமே மறுக்க முடியாது. மீண்டும் வேலை தர வேண்டும். அழைப்புகள் இல்லாத பிரிவில் அமர்த்திக்கொள்ளலாம். செவ்வி பற்றி நிபுணர் குழு பின்னர் ஆராயும், அதுவரை இப்போதைய முறை தொடரும்.

இரண்டாம் பக்கத்தில் ஷாமிலாவின் மனு. அதை மங்கை மூன்று முறை படித்தாள். முதல் இரண்டு முறை தான்தான் தப்பாகப் படிக்கிறோம் என்று நினைத்தாள்.

பகல் ஒரு மணி வெயிலில் ஷாமிலாவின் வீட்டுக்குப் போனாள். நஸ்ரின் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஜன்னல்களில் கனமான போர்வை தொங்கியது. சமையல் மேடையில் பாத்திரங்களுக்கு அடியில் துணி விரித்திருந்தது, வைக்கும்போது சத்தம் வராமல் இருக்க. மங்கை செருப்பைக் கையில் எடுத்து ஓரமாக வைத்தாள். எதுவும் சொல்லாமல் தாளை நீட்டினாள்.

ஷாமிலா படித்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவள் விரல் நின்றது.

'மனுதாரர் நான்கு நிமிடங்கள், உரத்த குரலில், தெளிவாகவும் தடங்கலின்றியும் சாட்சியம் அளித்தார். ஆகவே பேசுவதால் அவருக்குத் தாங்க முடியாத வேதனை உண்டாகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

மங்கை தாழ்ந்த குரலில் சொன்னாள். "மேல போலாம். வக்கீல் பார்த்துட்டேன். அந்த டாக்டரம்மா எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை நீ பேசவே வேணாம். என்ன விதி சொன்னாலும் வாயைத் தொறக்காத. கேக்குதா? நாங்க பேசிக்கறோம்."

ஷாமிலா அந்த வரியின் அடியில் நகத்தால் ஒரு கோடு கிழித்தாள். அவள் முகத்தை மங்கை அப்படிப் பார்த்ததேயில்லை. அழுகை இல்லை. உதடு ஒரு பக்கமாக இறுகியிருந்தது. மேசைமேல் கிடந்த நஸ்ரினின் பென்சிலை எடுத்து, தீர்ப்புத் தாளின் ஓரத்திலேயே எழுதி, மங்கை பக்கம் திருப்பிவைத்தாள்.

'பேசுவேன். இந்தத் தடவை நாலு நிமிஷத்துல நிறுத்த மாட்டேன்.'